நடுக்கிண்ணம் சொல்லும் நாயின் மனம்

நாயின் மனநிலையை அறிய வாலாட்டலை மட்டும் நம்பாதீர்கள், எங்கள் நாய் மணி பயந்தாலும் ஆட்டுவான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2004-இல் எலிகளிடம் சோதித்து, பின்னர் நாய்களுக்கும் ஏற்றபடி மாற்றிய, மனநிலையைக் கணிக்கும் முறையே எனக்குப் பிடித்தது.

கூடத்தின் இடது மூலைக் கிண்ணத்தில் எப்போதும் தீனி. வலது மூலைக் கிண்ணம் எப்போதும் காலி. இடப்பக்கம் ஓட்டம், வலப்பக்கம் ஆமைநடை என்றாகும்வரை பழக்குங்கள். வாசனை காட்டிக்கொடுத்துவிடும், காலிக் கிண்ணத்திலும் தீனியைத் தேய்த்து வையுங்கள். (நான் மறந்துபோனதில் ஒரு வாரம் வீணானது.)

பிறகு காலிக் கிண்ணத்தை நடுவில் வைத்து, நாய் போய்ச்சேரும் நொடிகளை எண்ணுங்கள். விரைந்தால் நல்லதை எதிர்பார்க்கிறது. தயங்கினால் மனம் வாடியிருக்கலாம். பசியும் மூட்டுவலியும்கூட நடையை மாற்றும் என்பதால், இரு மூலை வேகங்களோடு ஒப்பிட்டே முடிவுக்கு வாருங்கள். நடுக்கிண்ணத்தை அடிக்கடி வைத்தால் அது காலி என்று நாய் கற்றுவிடும். மணி மூன்றாம் நாளே கற்றுக்கொண்டான்.