சின்னப் பல் கிளினிக் பாதுகாப்பானதா? உட்காருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பல் வலி எப்போதும் ராத்திரி 11 மணிக்குத்தான் வரும். விடிந்ததும் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே ஓடுவோம், நம்மில் பாதிப் பேர் பல் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிற லட்சணம் இதுதான். அதனால் முதல் யோசனை, வலி இல்லாத நாளில் கிளீனிங்குக்கு என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ஒரு சேர், இரண்டு சேர் போட்டு நடக்கும் கிளினிக்குகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஏசி, சோபா, மீன் தொட்டி எல்லாம் கணக்கில் வராது.

இவ்வளவு யோசிக்கணுமா என்று கேட்பவர்களுக்கு வாணியம்பாடியைச் சொல்வேன். 2023-ல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மூளை வரை போய் 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியா அது. ஆராய்ந்து பார்த்ததில், சலைன் பாட்டிலை ஸ்டெரிலைஸ் (கிருமி நீக்கம்) செய்யாத ஒரு கருவியால் குத்தித் திறந்து, பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்து வைத்து, அதையே அடுத்தடுத்த ஆட்களுக்கும் பயன்படுத்தியது தெரிந்தது. பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை, மெஷின் கோளாறும் இல்லை. ஒரு பாட்டில் சலைன்.

அதனால் நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: ஒருவர் எழுந்து போனதற்கும் அடுத்தவர் உட்காருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? இதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் ஆளாகப் போகக் கூடாது. காலையில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். கூட்டம் இருக்கிற மாலையில் நாலாவது, ஐந்தாவது ஆளாகப் போய், கதவு திறந்து மூடும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சேரின் கைப்பிடி, மேலே இருக்கிற லைட்டின் பிடி, எச்சில் துப்பும் தொட்டி எல்லாவற்றையும் துடைக்கிறார்களா? கிளவுஸ் மாற்றுகிறார்களா? மாற்றிய பிறகு அதே கையால் போனை எடுத்துப் பேசிவிட்டு வாய்க்குள் விடுகிறார்களா? டாக்டரை விட உதவியாளரைக் கவனியுங்கள், கருவிகளைக் கழுவி எடுத்து வைப்பது பெரும்பாலும் அவர்தான்.

அடுத்து கருவிகள். சீல் வைத்த கவரில் வந்து, உங்கள் கண் முன்னால் பிரித்தால் நல்லது. அந்தக் கவரில் நிறம் மாறுகிற ஒரு குறி இருக்கும், மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நிறம் மாறியது கவருக்குச் சூடு பட்டது என்பதற்குத்தான் அடையாளம், கிருமி செத்தது என்பதற்கு இல்லை. அதற்கு, கருவிகளை அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவ் என்ற பெட்டிக்குள் கிருமி வித்துகளை வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் இருக்கிறது. அதை வாராவாரம் செய்கிறோம் என்று ஒரு சின்ன கிளினிக் சொல்லி ரிஜிஸ்டரையும் காட்டினால், கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். நீல வெளிச்சம் எரிகிற யு.வி. பெட்டியைக் காட்டி இதுதான் ஸ்டெரிலைசர் என்றால் நம்பாதீர்கள், அது ஏற்கெனவே சுத்தம் செய்த கருவிகளை வைக்கிற அலமாரி. கொதிக்கிற தண்ணீரும் பத்தாது. நீராவியோடு 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், இல்லையென்றால் 134 டிகிரியில் சில நிமிடம், இதுதான் ஆட்டோகிளேவ் கணக்கு.

இங்கே ஒரு சின்ன மனக்கணக்கு போடலாம். சூடேறி, வேலை முடிந்து, காய்ந்து, ஆறி வெளியே வர ஆட்டோகிளேவுக்கு ஒரு சுற்றுக்கு அரை மணி, முக்கால் மணி ஆகிவிடும். மாலை 6-லிருந்து 9-க்குள் 12 பேரைப் பார்க்கிற இடத்தில், பல்லைக் குடைகிற அந்த ‘கிர்ர்’ சத்தம் போடுகிற ஹேண்ட்பீஸ் மொத்தமே இரண்டுதான் இருக்கிறது என்றால், ஆளுக்கு ஆள் அது ஆட்டோகிளேவுக்குள் போய் வர வாய்ப்பே இல்லை. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த வாய்க்குள் போகிறது. ஹேண்ட்பீஸ் நின்றதும் வாயில் இருக்கிற எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது, வெளியே துடைத்து என்ன பயன்? ‘டாக்டர், எத்தனை ஹேண்ட்பீஸ் வைத்திருக்கிறீர்கள்?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில், சுவரில் மாட்டியிருக்கிற பத்து சர்டிஃபிகேட்டை விட அதிகம் சொல்லும்.

தண்ணீர் பற்றியும் கேட்கணும். வாயில் பீய்ச்சுகிற தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து நேராக வருகிறதா, சேரோடு இருக்கிற தனி பாட்டிலிலிருந்தா? அந்த மெல்லிய குழாய்களுக்குள் தண்ணீர் தேங்கி நின்று கொழகொழவென்று படலம் படியும், அதில் கிருமி குடியிருக்கும். பல் பிடுங்குவது, இம்ப்ளான்ட் மாதிரி எலும்பு வரை போகிற வேலைக்குக் குழாய்த் தண்ணீரே கூடாது, ஸ்டெரைல் சலைன்தான், அதுவும் உங்களுக்காகப் புதிதாகத் திறந்தது. மரத்துப் போகிற ஊசிக்கும் இதே கதைதான். நம் ஊரில் ஒரே மருந்துக் குப்பியிலிருந்து பல பேருக்கு எடுப்பது வழக்கம். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை, மருந்து பத்தவில்லை என்று மறுபடி அதே குப்பிக்குள் விட்டால் அந்தக் குப்பி முழுவதும் போச்சு. ஊசி மட்டும் மாற்றினாலும் போச்சுதான்.

சரி, சுத்தம் ஒரு பக்கம். டாக்டர் என்ன கேட்கிறார் என்பது இன்னொரு பக்கம். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இடத்தில் எதுவுமே கேட்காமல் பல்லைப் பிடுங்கத் தயாராகிவிட்டார்கள். நாங்களே சொன்ன பிறகு, ‘அப்படியா, மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க’ என்று பதில். எழுந்து வந்துவிட்டோம். ஸ்டென்ட் வைத்தவர் இதய டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிறகு போன ஒற்றைச் சேர் கிளினிக்கில், சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, பழைய சீட்டு எங்கே என்று கேட்டு, பிரஷரையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொன்னார். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று மூலையில் நின்றது, அதையும் கவனித்தேன்.

ரூட் கெனால் என்றால் எக்ஸ்ரே இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்று ஒரு ஷீட் மாட்டுவார்கள், எச்சில் உள்ளே போகாது, பல் வேரைச் சுத்தம் செய்கிற மெல்லிய ஊசி கையிலிருந்து நழுவினாலும் தொண்டைக்குள் விழாது. மாட்டுகிறவர் அவசரக்காரர் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். வேலையை உள்ளூர் டாக்டர் செய்கிறாரா, வாரம் ஒரு நாள் வருகிற கன்சல்டன்ட்டா என்றும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் செய்துவிட்டுப் போய், செவ்வாய்க்கிழமை வீங்கினால் யார் பார்ப்பது?

காகிதங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ்., மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கிளினிக்குக்கு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது, பதிவு மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்தில். புகார் என்றாலும் அங்கே போகலாம், டாக்டர் மேல் என்றால் கவுன்சிலுக்கு. குப்பைத் தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள், ரத்தம் பட்ட பஞ்சும் பிஸ்கட் கவரும் ஒரே தொட்டியில் கிடந்தால் மற்றதையும் யூகித்துக்கொள்ளலாம்.

கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காகச் செய்கிறவர், ஆட்டோகிளேவ் இருக்கிற அறையையே திறந்து காட்டுவார், சிலர் அரை மணி நேரம் கிளாஸே எடுத்துவிடுவார்கள். ‘இருபது வருஷமா செய்றோம், ஒண்ணும் ஆனதில்ல’ என்பது பதில் இல்லை.

அப்புறம், பில்லையும் மருந்துச் சீட்டையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். பல் வேலை முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், விடாத தலைவலி, முகத்தில் வீக்கம் என்று வந்தால், போகிற டாக்டரிடம் முதல் வரியிலேயே ‘இந்தத் தேதியில் பல்லுக்கு இதைச் செய்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.