பரிசலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே லென்ஸ்: முதல் ஆல்ரவுண்ட் ஜூம் வாங்குவது எப்படி?

பொங்கல் முடிந்த கையோடு பாலக்கோட்டிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, எருது விடும் விழாவுக்குப் போயிருந்தேன். 18-55 சுத்தமாப் பத்தலை, மாடு ஓடி வர்றது போட்டோல சின்னதாத்தான் தெரியுது. 18-400 ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன், சரியா?"

கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஒரு வருஷம் பழகிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். லென்ஸின் பெயரில் இருக்கிற இரண்டு எண்களில் சின்னது எவ்வளவு அகலமாகக் காட்டும், பெரியது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று எம்.எம். கணக்கில் சொல்லும். நியாயமான கேள்விதான், ஆனால் 400 என்ற எண்ணிலிருந்து ஆரம்பித்தால் தப்பான லென்ஸில் போய் முடியும். அவனை என்னென்ன செய்யச் சொன்னேனோ அதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். கேமராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆல்ரவுண்ட் ஜூம் என்று நான் சொல்வது, அகலமான காட்சியில் ஆரம்பித்து ஓரளவு தூரம் வரை இழுக்கிற, நாள் முழுக்கக் கழற்றாமல் வைத்திருக்கக்கூடிய லென்ஸ். 18-135, 18-140, 18-150, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராக்களில் 24-105, 24-120 எல்லாம் இந்த வகை. இரண்டு லென்ஸ் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் படம் இன்னும் தெளிவாக இருக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒகேனக்கல்லில் பாறை மேல் நின்று ஒரு முறை லென்ஸ் மாற்றினேன், கழற்றி மாட்டப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது, அதற்குள் சாரல் உள்ளே போய்விட்டது. அன்று எடுத்த படங்களில் வானம் வருகிற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது, லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரமான அப்பர்ச்சரை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கச் சுருக்க அந்தப் பொட்டுகள் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தன. சென்சாரைச் சுத்தம் செய்த பிறகுதான் போயின. அருவியில் சாரல், எருது ஓடுகிற தெருவில் புழுதி, மாங்காய் மண்டியில் தூசி என்று நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆசையாகப் படம் எடுக்கிற இடங்களில் பாதி, லென்ஸைக் கழற்றக் கூடாத இடங்கள்தான்.

முதல் படி: உங்கள் பாடி என்ன என்று பாருங்கள்

பாடி என்றால் லென்ஸ் தவிர்த்த கேமரா. அதன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸ் மாட்டுகிற வாய்க்கு மவுண்ட் என்று பெயர், அது பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பேசிப் பயனில்லை. கேனானில் சின்ன சென்சார் உள்ள கிராப் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) பாடியில் இஎஃப், இஎஃப்-எஸ் என்ற இரண்டு வகை லென்ஸும் மாட்டும். கண்ணாடி இல்லாத ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்கு ஆர்எஃப், ஆர்எஃப்-எஸ், பழைய லென்ஸ் இருந்தால் அடாப்டர் வைத்துக்கொள்ளலாம். நிக்கானில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

அடுத்து சென்சார் கிராப்பா, ஃபுல் ஃபிரேமா? தொடக்கக் கேமராக்கள் பெரும்பாலும் கிராப். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் லென்ஸின் எண்ணை 1.5 ஆலும், கேனான் என்றால் 1.6 ஆலும் பெருக்கினால் அது ஃபுல் ஃபிரேமில் எந்த எண்ணுக்குச் சமம் என்று தெரியும். 18 என்பது ஏறத்தாழ 27 அல்லது 29 ஆகிறது. இந்தக் கணக்கு மூன்றாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: எடுத்த படங்களை எண்ணுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை எம்.எம்.மில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், அதில் டீடெயில்ஸ் போனால் ஃபோக்கல் லெங்த் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்குப் பிடித்த படங்களாக ஒரு நூறு எடுத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு, 18 முதல் 24 வரை ஒன்று, நடுவில் ஒன்று, 50-க்கு மேல் ஒன்று என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அரை மணி நேர வேலை.

அக்கா பையன் முதலில் சலித்துக்கொண்டான், அப்புறம் செய்தான். எருது படங்கள் அத்தனையும் 55-ல் முட்டிக்கொண்டு நின்றிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்றவற்றில், வீட்டு விசேஷம், மண்டி, தேர், நண்பர்களோடு போன பரிசல் என்று பாதிக்கு மேல் 18-லேயே இருந்தன. தூரத்தில் இருப்பதைத்தான் அதிகம் எடுக்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அவன் கை செய்ததோ வேறு. முட்டி நிற்கிற படங்கள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் உங்களுக்கு லென்ஸ் போதவில்லை என்று அர்த்தம்.

மூன்றாம் படி: சின்ன எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் கேட்பார்கள். நீங்கள் சின்ன எண்ணில் ஆரம்பியுங்கள். தூரம் போதாவிட்டால் நாலடி முன்னால் நடக்கலாம், எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். அகலம் போதாவிட்டால் பின்னால் போக இடம் வேண்டும், நம் இடங்களில் அது இருக்காது.

பரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான பரிசலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும், அவர் முகம் உங்கள் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அந்தத் தூரத்தில் கிராப் சென்சாரில் 18 எம்.எம். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தைக் காட்டும், மூன்று பேர் தோளோடு தோளாக அடங்குவார்கள். 24 எம்.எம். ஒன்றரை மீட்டரைக்கூடத் தொடாது, ஓரத்தில் இருப்பவருக்குப் பாதித் தோள் போய்விடும். எழுந்து பின்னால் போகவும் முடியாது, பரிசலில் எழுந்து நிற்கவே கூடாது. இதனால்தான் ஃபுல் ஃபிரேமுக்கென்று செய்த 24-105-ஐ கிராப் பாடிக்கு வாங்காதீர்கள் என்கிறேன். லென்ஸ் அருமையானதுதான், ஆனால் கிராப்பில் அது 36 அல்லது 38-ல் ஆரம்பிப்பது போல ஆகிவிடும். கிராப்புக்கு 16, 17, 18-ல் ஆரம்பிப்பதை வாங்குங்கள், ஃபுல் ஃபிரேமுக்கு 24. 28-ல் ஆரம்பிப்பதை நான் எடுக்க மாட்டேன்.

நான்காம் படி: பெரிய எண்

இப்போது எருதுக்கு வருவோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் பாதுகாப்பாக நிற்கிறீர்கள், மாடு இருபது மீட்டரில் வருகிறது என்று வையுங்கள். கிராப் கேமராவில் 55 எம்.எம். அந்தத் தூரத்தில் எட்டு மீட்டருக்கு மேல் அகலத்தைக் காட்டும், அதனால்தான் மாடு சின்னதாகத் தெரிந்தது. 135-ல் அதே இடம் மூன்றரை மீட்டருக்குள் சுருங்கும், மாடும் தெறிக்கிற புழுதியும் பக்கத்தில் கைதூக்கி நிற்கிற ஆட்களும் சட்டத்துக்குள் நிறைவாக வரும். 400-ல்? ஒரு மீட்டர் சொச்சம்தான். கொம்பும் முகமும் மட்டும் கிடைக்கும், அதையும் ஓடுகிற மாட்டில் பிடித்து வைப்பது லேசில் நடக்காது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அவன் 400 பேச்சை விட்டுவிட்டான்.

135 முதல் 150 வரை போதும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பறவை எடுக்க ஆசை என்றால் அது தனிப் பயணம், அதற்குத் தனி லென்ஸ் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 18-இலிருந்து 300, 400 வரை இழுக்கிற லென்ஸ்கள் பயனற்றவை என்று சொல்லவில்லை, ஆனால் அவ்வளவு நீட்டத்தை ஒரே குழாயில் அடக்கும்போது ஓரங்களில் தெளிவு குறையும், கனம் கூடும். டாம்ரான் 18-400 எழுநூறு கிராமுக்கு மேல் இருக்கிறது, சோனி 18-135 முந்நூற்று இருபத்தைந்து கிராம். தேர் நாளில் காலையிலிருந்து கழுத்தில் தொங்கப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சம்

லென்ஸின் மேல் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். அகலத்தில் எஃப் 3.5 வரை திறக்கும், இழுக்க இழுக்கச் சுருங்கி எஃப் 5.6-ல் நிற்கும் என்று பொருள். 2.8 என்று ஒரே எண் இருந்தால் கடைசி வரை 2.8 தான். 5.6-ஐ விட 2.8 நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

ஜனவரி வெயிலில் எருது எடுக்க 5.6 தாராளம், சென்சாரின் உணர்திறனைக் குறிக்கிற ஐஎஸ்ஓவை 200-ல் வைத்தால் ஆயிரத்தில் ஒரு விநாடி (1/1000) ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், கிடைத்துவிடும். மண்டபத்தில் ராத்திரி வரவேற்புதான் சோதனை. மேடையில் நகர்கிற ஆட்களை நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடியில் எடுக்க 2.8-ல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்றால், 5.6-ல் 6400 வைக்க வேண்டும், முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே கல்யாணம்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் நீட்டத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 17-70 எஃப் 2.8 போன்றதைப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு சொந்தக்காரர் கல்யாணம் மட்டும் என்றால் 18-135 வாங்கி, மிச்சக் காசில் ஒரு சின்ன ஃபிளாஷ் வாங்கிக் கூரைப் பக்கம் திருப்பி அடியுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐஎஸ், விஆர், ஓஎஸ்எஸ், விசி என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் விற்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஓவியங்கள் இருக்கின்றன, வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அனுமதி கேட்டுவிட்டு, மூச்சைப் பிடித்து பதினைந்தில் ஒரு விநாடியில் எடுத்தாலும் இந்த வசதி படத்தைத் தெளிவாகக் காப்பாற்றும், ஓவியம் நகராதே. அதே ஸ்பீடில் மேளம் அடிக்கிறவரை எடுத்தால் அவர் கை கலங்கித்தான் வரும். நடுக்கம் உங்களுடையது என்றால் அது உதவும், நகர்வது எதிரில் இருப்பவர் என்றால் ஷட்டர் ஸ்பீடு ஒன்றுதான் வழி.

ஆறாம் படி: கடையில் செய்ய வேண்டியது

சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகும்போது உங்கள் பாடியையும் காலி மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். லென்ஸை மாட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து, மெதுவாக ஜூமை இழுத்துக்கொண்டே திரையில் எஃப் எண்ணைப் பாருங்கள். சில லென்ஸ்கள் பாதி தூரத்திலேயே 5.6-க்கு வந்துவிடும், பெட்டியில் அது எழுதியிருக்காது. அப்புறம் எதிர்ச்சுவரில் நேராக நின்று, சின்ன எண்ணில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று எடுத்து, திரையில் பெரிதாக்கி நாலு மூலையையும் ஒப்பிடுங்கள். மூலைகள் நடுவை விட மங்கலாக இருப்பது சகஜம், ஆனால் இடது மூலை தெளிவாகவும் வலது மூலை கலங்கியும் இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, வேறு பீஸ் கேளுங்கள்.

பழைய லென்ஸ் என்றால் இன்னும் இரண்டு வேலை. கேமராவைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள், குழாய் தானாக இறங்கினால் உள்ளே தளர்ந்திருக்கிறது. அடுத்து போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அக்கா பையனுக்கு ஒருவர் காட்டிய முதல் லென்ஸ் அப்படித்தான் இருந்தது. வெளியில் புத்தம் புதிதாக இருந்தது, டார்ச் அடித்ததும் ஓரத்தில் நூல் நூலாகத் தெரிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

எதை வாங்கலாம்?

கேனான் கிராப் டிஎஸ்எல்ஆருக்கு 18-135, முடிந்தால் எஸ்டிஎம் அல்லது யுஎஸ்எம் என்று எழுதியது, வீடியோவில் மோட்டார் சத்தம் குறைவாக இருக்கும். கேனான் கிராப் மிரர்லெஸ்ஸுக்கு ஆர்எஃப்-எஸ் 18-150. நிக்கானில் டிஎஸ்எல்ஆருக்கும் இசட் கிராப்புக்கும் தனித்தனியாக 18-140 இருக்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சோனி கிராப்புக்கு 18-135. கல்யாண வேலைக்கு, சோனி அல்லது ஃபியூஜி கிராப் என்றால் டாம்ரான் 17-70 எஃப் 2.8. ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு நிக்கான் இசட் 24-120 எஃப் 4, கேனான், சோனியில் 24-105 எஃப் 4. எதை வாங்கினாலும் லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹுட் சேர்த்து வாங்குங்கள், சாரலில் பாதி அதுவே தடுக்கும்.

அவன் கடைசியில் நல்ல நிலையில் ஒரு 18-135 எஸ்டிஎம் பிடித்தான். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மண்டிக்குப் போய், நின்ற இடத்தை விட்டு நகராமல் எடுத்த இரண்டு படங்களை அனுப்பினான். 18-ல் கூரை முதல் தரை வரை மண்டி முழுக்க, குவியல் குவியலாகப் பெங்களூரா மாங்காய். 135-ல் ஒரே ஒரு காய், காம்பிலிருந்து வடிந்த பால் தோலில் கோடாக இறங்கி, நுனியில் ஒரு சொட்டு இன்னும் விழாமல்.