டூர் டி பிரான்ஸ் பாதையைப் படிப்பது எப்படி: 2026 வரைபடத்தை வைத்து ஒரு பயிற்சி

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பாதையை அக்டோபரில் பாரிஸில் அறிவித்த அன்றே ரசிகர்களின் சண்டை தொடங்கிவிடும். மலை அதிகம், டைம் டிரையல் (கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் நாள்) போதாது, இது முன்னணி வீரர் போகாச்சாருக்காகவே போட்ட பாதை. இப்படிச் சொல்பவர்களில் பலர் மலைகளின் பெயரையும் மொத்த ஏற்றத்தையும் தாண்டிப் பார்ப்பதில்லை. 2026 பாதையின் நீளம் 3,333 கி.மீ., மொத்த ஏற்றம் 54,450 மீட்டர். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு யார் எங்கே நேரம் இழப்பார் என்று சொல்லவே முடியாது. கடைசி மலை எங்கே நிற்கிறது, அதற்கு முந்தைய மலைக்கும் அதற்கும் நடுவே என்ன கிடக்கிறது என்பதில்தான் நிமிடங்கள் பிறக்கின்றன.

முதலில் ஒரு தாள் எடுத்து 21 ஸ்டேஜுக்கும் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) 21 வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து விஷயம் போதும்: ஸ்டேஜின் நீளம், கடைசி ஏற்றத்தின் நீளமும் சராசரிச் சரிவும், அதன் உச்சியிலிருந்து முடிவுக்கோடு வரை எத்தனை கி.மீ., முந்தைய மலையின் உச்சியிலிருந்து கடைசி ஏற்றத்தின் அடிவாரம் வரை எத்தனை கி.மீ., அந்த இடைவெளி இறக்கமா சமதளமா. எல்லாமே அதிகாரபூர்வ வரைபடத்தில் இருக்கும் கிலோமீட்டர்க் குறிகளைக் கழித்தால் கிடைப்பவைதான். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விவாதத்தில் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

வரைபடத்தின் படத்தை நம்பாதீர்கள். 130 கி.மீ. ஸ்டேஜையும் 200 கி.மீ. ஸ்டேஜையும் ஒரே அகலப் பெட்டிக்குள் அடைத்து வரைவார்கள். உயரத்தின் அளவும் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். நீண்ட ஸ்டேஜில் 3% மேடுகூடச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஓரத்தில் இருக்கும் உயர எண்களைப் படித்த பிறகு படத்தைப் பாருங்கள்.

சராசரிச் சரிவு மறைப்பது

ஆல்ப்ஸில் உள்ள குரோவா டி ஃபேர் ஏற்றம் 24 கி.மீ., சராசரி 5.2% என்று போட்டிருக்கும். படித்தவுடன் 'ஒரே சீரான ஏற்றம், பெரிய விஷயமில்லை' என்று தோன்றும். அசலில் புர் துவாசான் பக்கத்திலிருந்து ஏறும்போது நடுவே சாலை இறங்குகிறது. இறங்கிய உடனே 10 சதவீதத்தை ஒட்டி நிமிர்கிறது. இறங்கும் கிலோமீட்டர்களும் சராசரியில் சேர்வதால் 5.2 என்ற எண் வருகிறது. அதனால் நீண்ட ஏற்றம் எதுவானாலும் கிலோமீட்டர் வாரியான சரிவைத் தேடி எடுங்கள். 8 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து எத்தனை கி.மீ. என்பதுதான் கேள்வி. தாக்குதல் நடப்பது அந்த இடத்தில்.

மலையின் உயரத்தைக் கணக்கிட நீளத்தைச் சரிவால் பெருக்கினால் போதும். அல்ப் டுவேஸ் 13.8 கி.மீ., 8.1%, அதாவது ஏறத்தாழ 1,118 மீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் பட்டத்துக்குப் போட்டியிடுபவர்கள் மணிக்கு 1,700 முதல் 1,800 மீட்டர் உயரம் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டால் 38, 39 நிமிடம் வரும். சரிவு 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே வேகம் கூடுவதால் காற்றின் எதிர்ப்பின் பங்கும் கூடிவிடும்; முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டவர் நிம்மதியாக வந்துவிடுவார்.

அதனால்தான் 'மலை உச்சியில் முடிவு' என்ற சொல்லே ஏமாற்றும். 2026-இல் ஆறாவது ஸ்டேஜ் போ நகரிலிருந்து கவார்னி வரை. கடைசி ஏற்றம் 18.7 கி.மீ., சராசரி 3.7%. பதினைந்தாவது ஸ்டேஜ் முடியும் சொலேசோன் மேட்டுநிலம் 11.3 கி.மீ., 9.1%. இரண்டும் மலை முடிவுதான். ஆனால் கவார்னி ஏற்றத்தில் ஐந்து பேர் சேர்ந்து துரத்தினால் தனியாக ஓடுபவர் பிடிபடுவார், சொலேசோனில் துணைக்கு ஆள் இருந்தும் காலில் பலம் இல்லையென்றால் பயனில்லை. கவார்னி ஸ்டேஜில் கண் வைக்க வேண்டியது அதற்கு முந்தைய மலையான துர்மலே மீது. அங்கே பிரிந்தவர் அடுத்த இறக்கத்திலும் மெல்லிய ஏற்றத்திலும் துணையோடு போகிறாரா, ஒற்றையாகவா என்பதுதான் முடிவைச் சொல்லும்.

ஒரே மலை இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு ஒர்சியேர் மெர்லெத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 7.1 கி.மீ., 6.7%. 2020-இல் நான்காவது ஸ்டேஜ் அங்கே முடிந்தபோது ரோக்லிச் வென்றார், முன்னணியினர் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 1971-இல் அதே இடத்தில் ஒகான்யா, மெர்க்ஸைவிட 8 நிமிடம் 42 விநாடி முன்னால் வந்தார். கடைசி 7 கி.மீ. அந்த வித்தியாசத்தைத் தரவில்லை. அதற்கு முன்னால் இருந்த மலைகளில் ஒகான்யா வெகுதொலைவிலேயே ஓடிவிட்டிருந்தார். 2026-இல் பதினெட்டாவது ஸ்டேஜ் அங்கேதான் முடிகிறது. 'ஆல்ப்ஸ் தொடங்கியாச்சு, இனி நிமிடக்கணக்கில் வித்தியாசம்' என்று யாராவது சொன்னால், முந்தைய மலைகளின் பட்டியலைக் கேளுங்கள்.

இருபதாவது ஸ்டேஜ், பக்கத்தில் வைத்து

புர் துவாசானிலிருந்து அல்ப் டுவேஸ் வரை 171 கி.மீ., 5,600 மீட்டர் ஏற்றம். முந்தைய நாளும் அல்ப் டுவேஸ்தான், ஆனால் வழக்கமான 21 கொண்டை ஊசி வளைவுகள் வழியே. இந்த முறை பின்வாசல் வழி. வரிசை இது: குரோவா டி ஃபேர், தெலெகிராஃப், கலிபியே, சாரேன்.

தெலெகிராஃப் 11.9 கி.மீ., 7.1%. உச்சியிலிருந்து வல்லுவார் வரை குட்டி இறக்கம், உடனே கலிபியே 17.7 கி.மீ., 6.9%. இரண்டையும் ஒரே ஏற்றமாக எண்ணுங்கள். நடுவில் சாப்பிடவும் மூச்சு வாங்கவும் கிடைப்பது சில நிமிடம்தான். கலிபியேயின் கடினம் கடைசி 8 கி.மீ.யில் இருக்கிறது, உச்சி 2,642 மீட்டர். 2,000 மீட்டரைத் தாண்டினால் ஆக்ஸிஜன் குறைந்து எல்லோருடைய பலமும் இறங்கும், சிலருக்கு மற்றவர்களைவிட அதிகமாக. உயரத்தில் யார் தடுமாறுவார் என்பதற்கு அவர்களுடைய பழைய 2,000 மீட்டர் ஸ்டேஜ்களைப் பாருங்கள், 1,500 மீட்டர் வெற்றிகளை அல்ல.

இனிதான் நான்காவது எண் பேசும். கலிபியே உச்சியிலிருந்து லோத்தாரே கணவாய்க்கு இறங்கி, ரோமான்ஷ் பள்ளத்தாக்கு வழியாகச் சாரேன் அடிவாரம் வரை நீண்ட தூரம். லோத்தாரேக்குக் கீழே எதிர்காற்று அடிப்பது வழக்கம். அங்கே தனியாக மாட்டிக்கொண்டவர் கலிபியேயில் சம்பாதித்த ஒரு நிமிடத்தைக் கரைத்துவிடுவார். ஆகவே கேள்வி 'கலிபியேயில் தாக்குவார்களா' என்பதல்ல; தாக்கும் அணிக்கு முன்னமே ஓடிப்போன கூட்டத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பது. துணையோடு தாக்கினால் என்ன ஆகும் என்பது 2022-இல் கிரானோன் ஸ்டேஜில் தெரிந்தது. கலிபியேயில் ஒரே அணியின் விங்கேகோரும் ரோக்லிச்சும் மாற்றி மாற்றித் தாக்கிப் போகாச்சாரைக் களைக்கச் செய்தார்கள். அன்று கடைசி ஏற்றமான கிரானோனில், 11.3 கி.மீ., 9.2%, போகாச்சார் விங்கேகோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார்.

சாரேன் 12.8 கி.மீ., 7.3%. குறுகலான சாலை. 2013-இல் இதை இறக்கமாகப் பயன்படுத்தியபோது ஆபத்து என்று வீரர்கள் புகார் சொன்னார்கள். ஏறும்போது அந்தக் கவலை இல்லை. உச்சியைத் தாண்டியும் முடிவுக்கோட்டுக்குச் சில கி.மீ. உண்டு என்பதை மறந்துவிட்டு, உச்சி நேர வித்தியாசத்தையே முடிவு நேரமாக எண்ணுவது வழக்கமான தவறு.

டைம் டிரையல்

பார்சிலோனாவில் தொடங்கும் முதல் ஸ்டேஜ் ஏறத்தாழ 20 கி.மீ. அணி டைம் டிரையல், முடிவு மொன்ஜுயிக் மேட்டில். பழைய முறையில் அணியின் குறிப்பிட்ட ஒருவர் கோட்டைத் தொடும் நேரம் எல்லோருக்கும் பொருந்தும். இங்கே அவரவர் நேரம் அவரவருக்கு. அதனால் பலவீனமான அணியில் இருக்கும் தலைவரும் கடைசி மேட்டில் தனியாகப் பாய்ந்து கொஞ்சம் மீட்கலாம்; பலமான அணி, தலைவரை அடிவாரம் வரை வேகமாகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

எவியான்-தொனோன் தனிநபர் டைம் டிரையல் 26 கி.மீ. நீளத்தை மட்டும் பார்க்காமல் ஏற்றம் எத்தனை கி.மீ., சமதளம் எத்தனை என்று பிரியுங்கள். ஏற்றம் கடைசியில் குவிந்திருந்தால் கணக்கே மாறும்: 2020-இல் 36.2 கி.மீ. டைம் டிரையல், கடைசி 5.9 கி.மீ. லா பிளான்ஷ் மலை, 8.5%. அடிவாரத்தில் வண்டியையே மாற்றினார்கள். 57 விநாடி முன்னிலையோடு கிளம்பிய ரோக்லிச், மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை அன்று இழந்தார்.

சமதள ஸ்டேஜ்கள்

இவற்றில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, வேகமாகத் தாண்டலாம். ஆனால் வரைபடத்தில் சாலை திரும்பும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக மரமில்லாத வயல்வெளியிலும் கடற்கரையிலும். நீண்ட நேரான சாலைக்குப் பக்கவாட்டில் காற்று அடித்தால் வீரர்கள் சாய்வு வரிசை கட்டுவார்கள். சாலையின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாக நீண்டு, ஒரு இடத்தில் அறுந்துபோவார்கள். 2013-இல் செயின்ட் அமாண்ட் மோன்ரோன் ஸ்டேஜில் இப்படித்தான் ஃபுரூம், கொண்டடோரிடம் 1 நிமிடம் 9 விநாடி இழந்தார். பெரிய மலை எதுவும் இல்லாத நாள் அது. காற்றின் திசையை அக்டோபரில் சொல்ல முடியாது. ஸ்டேஜுக்கு இரண்டு நாள் முன்பு வானிலை முன்னறிவிப்பையும் சாலைத் திசையையும் ஒட்டிப் பாருங்கள்.

மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும் போனஸ் விநாடிகளையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்: சாதாரண ஸ்டேஜ்களில் முதல் மூவருக்கு 10, 6, 4. 2024 மகளிர் டூரில் நியெவியாடோமா 4 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார்.

தாளைப் பென்சிலில் எழுதுவது நல்லது. 2019-இல் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் வந்து பத்தொன்பதாவது ஸ்டேஜை நடுவிலேயே நிறுத்தினார்கள். இசெரான் உச்சியில் எடுத்த நேரமே முடிவாயிற்று, மறுநாள் ஸ்டேஜ் 59 கி.மீ. அளவுக்குச் சுருங்கியது. 2025-இல் மாடுகளுக்குப் பரவிய நோயால் பத்தொன்பதாவது ஸ்டேஜில் சேசி கணவாய் நீக்கப்பட்டது, 130 கி.மீ. போக வேண்டிய நாள் 95 ஆயிற்று. மலை ஒன்று கழிந்தால் அந்த வரியின் நான்காவது எண்ணைத் திரும்பக் கணக்கிடுங்கள். முந்தைய உச்சி மாறிவிட்டிருக்கும்.