சாக்பீஸைக் கீழே வையுங்கள்: ஊர் வரலாற்றுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம் பக்கம் ஓர் ஏரி. கோடையில் தண்ணீர் வற்றியபோது மதகுத் தூணில் ஏதோ எழுதியிருக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குழுவில் ஆறு பேர் மூன்று பைக்கில் போய் இறங்கினோம். எழுத்து தேய்ந்துபோயிருந்தது. கூட வந்த தம்பி சாக்பீஸை எடுத்து எழுத்தின் மேலேயே வரைந்தான். பளிச்சென்று தெரிந்தது: 'யாண்டு ௨௰'. ஏதோ ஓர் அரசனின் இருபதாம் ஆட்சியாண்டு. போட்டோ எடுத்தோம், செய்தி கொடுத்தோம், பேப்பரிலும் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்துப் போனோம். முதலில் சாக்பீஸைக் கழுவச் சொன்னார். இருட்டும்வரை எங்களை டீக்கடையில் உட்கார வைத்தார். அப்புறம் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். நாங்கள் ௨ என்று வரைந்தது கல்லில் இருந்த விரிசல். உண்மையில் இருந்தது ௰ மட்டும், அதாவது பத்து. திருத்தச் செய்தி யாரும் போடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இணையத்தில் தேடினால் இன்றைக்கும் இருபதுதான் வரும்.

எங்களைப் போன்ற குழுக்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவசரம்தான். சாக்பீஸ் எழுத்தைக் காட்டுவதில்லை, நாம் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதைக் காட்டுகிறது. ஆணியால் எழுத்தை ஆழப்படுத்துவது இன்னும் மோசம். அதைக் கழுவவும் முடியாது. பகலில் போனால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும், வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் சாய்வாக விழ வைக்கலாம். பாசியை நீக்கத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சலவைத் தூள் எதுவும் வேண்டாம். மைப்படி எடுப்பதை, அதாவது கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பதை, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி பிரஷால் தட்டி, பிறகு மை ஒற்ற வேண்டும். தாள் சரியாக ஒட்டாவிட்டால் மை கல்லில் இறங்கிவிடும். தெரிந்தவர் பக்கத்தில் நின்று இரண்டு முறையாவது செய்து பார்த்தபின் தனியாகச் செய்யுங்கள்.

தமிழ் எண்களில் இன்னொரு வழுக்கல். ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. ௰-க்கு முன்னால் வருவது பெருக்க, பின்னால் வருவது கூட்ட. கல்வெட்டுகளில் வரும் சக ஆண்டுக்கு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்; தை முதல் பங்குனி முடிய உள்ள தேதி என்றால் பெரும்பாலும் 79. பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே திருமணம் செய்வோம் என்று படைவீட்டு ராஜ்ஜியத்து அந்தணர்கள் ஒப்பந்தம் செய்துகொண்ட விரிஞ்சிபுரம் கல்வெட்டு சக 1347-ஐச் சேர்ந்தது. 78 கூட்டி 1425 என்று எழுதி முடிக்குமுன் அதில் எந்த மாதம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய வருவாய்த்துறைக் காகிதத்தில் உள்ள பசலிக்கு, அதாவது வரிக்கணக்கு ஆண்டுக்கு, கூட்ட வேண்டியது 590; ஜனவரி முதல் ஜூன் முடிய உள்ள தேதி என்றால் 591. இதைக் குழப்பிக்கொண்டு தாத்தா பிறப்பதற்கு முன்பே அவர் பெயரில் பட்டா கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நடுகல் விஷயத்துக்கு வருவோம். செங்கம், திருப்பத்தூர் பக்கம் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அங்கே போய் "இது சாமி இல்லைங்க, மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன்" என்று வகுப்பெடுப்பது பெரிய தவறு. நாங்களும் ஒருமுறை எடுத்தோம். ஒரு பாட்டி கேட்டார்: "செத்தவன்தானேப்பா சாமி? நீ இன்னா புதுசா சொல்ற?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கல் ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்றதே கும்பிட்டவர்களால்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்ன நேரத்தில் படம் எடுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். "எண்ணெயும் மஞ்சளும் உங்க முறைப்படி, எனாமல் மட்டும் வேணாம்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் மடிந்தான். கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. அரசன் பெயரோடு ஒரு நாயின் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. ஓரத்துச் சின்ன வரியையும், வீரன் காலடியில் செதுக்கிய உருவத்தையும் விட்டுவிட்டுப் பெரிய உருவத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தால் இந்த மாதிரி நாய்கள் காணாமல் போய்விடும். நான்கு பக்கமும் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, ஏரிக்கரையா வயல் வரப்பா, என்ன சர்வே எண் என்பதையும் அங்கேயே நின்று எழுதுங்கள்.

கல்லை இடம் மாற்றாதீர்கள். "பாதுகாப்பா பள்ளிக்கூடத்துல வெச்சுட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் நின்றது என்பது போய்விட்டால் பாதிக் கல்வெட்டு போன மாதிரி. சாலை அகலப்படுத்தும்போது புல்டோசர் வருகிறது என்றால் வேறு வழியில்லை. அப்போதும் ஊர்க்காரர் சம்மதமும் வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் ஒரு மனுவும் வேண்டும். மண்வெட்டியை மட்டும் கையில் எடுக்கவே கூடாது. நாம் கல்லின் அடிப்பாகத்தில் எழுத்து இருக்கிறதா என்று தோண்டுவோம். பார்க்கிறவனுக்கு அது புதையல். அடுத்த அமாவாசைக்குள் கல் சாய்ந்து கிடக்கும். இதே காரணத்தால்தான் கூகுள் மேப் குறியோடு வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்கிறேன். ஊர்ப் பெயர் போதும், சரியான இடம் பதிவேட்டில் இருக்கட்டும். மண்ணில் காசோ நகையோ கிடைத்து அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் சொல்கிறது. 10 ரூபாய் அன்றைய கணக்கு, சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

'புதிய கண்டுபிடிப்பு' என்று அறிவிக்குமுன் பழைய அறிக்கைகளைப் புரட்டுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-லேயே வந்துவிட்டது, அதில் நம் பக்கத்து ஊர்கள் நிறைய உண்டு. செங்கம் நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை 1972-ல் தனி நூலாகவே போட்டிருக்கிறது. தேடியும் கிடைக்கவில்லை என்கிறவர்கள் பலர் தவறான மாவட்டத்தில் தேடுகிறார்கள். இப்போதைய திருப்பத்தூர் 1911-க்கு முன் சேலம் மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை அப்போது தென்னாற்காடு. சித்தூரோ வட ஆற்காடு. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊருக்கு இன்றைய முகவரி ராணிப்பேட்டை மாவட்டம். பழைய அறிக்கையில் அந்தப் பெயரில் மாவட்டமே இருக்காது. தாலுகா பெயரை வைத்துத் தேடுங்கள்.

சுரங்கப்பாதைக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர்க் கோட்டையிலிருந்து தங்கள் ஊருக்குச் சுரங்கம் வந்தது என்று சொல்லாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதுங்கள், ஆனால் 'இன்னார் சொன்ன கதை' என்று எழுதுங்கள். 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியைப் பற்றிக் கேட்கும்போதும் "உங்க தாத்தாவுக்கு தாத்தா அதுல இருந்தாராமே?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும்.

கோயில்களில் கும்பாபிஷேகத் தேதி குறித்தபின் ஓடுவது வீண். அதற்குள் மணல்வீச்சு இயந்திரம் வந்திருக்கும், அதிட்டானத்தை, அதாவது சுவரின் அடிப்பீடத்தை, மறைத்துப் புதுத் தளம் போட்டிருப்பார்கள். திருப்பணிக் கமிட்டி வசூல் நோட்டு அடிக்கும்போதே போய், எந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று சுட்டிக்காட்டி, படமும் எடுத்துவிடுங்கள்.

காகிதம், ஓலை. பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். வீட்டுக்காரரிடமிருந்து வாங்கி வராமல் அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக எங்கள் வீட்டுச் சமாச்சாரம் ஒன்று. எங்கள் குழுவைத் தொடங்கிய பெரியவர் முப்பது வருடம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்தவர். எல்லாம் அவர் வீட்டில், அவர் கையெழுத்தில், ஒரே ஒரு படி. ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அவர் காலமான மூன்றாம் மாதம் வீட்டை வெள்ளையடிக்க ஒழித்தார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து பதினோரு நோட்டுகளை மீட்டோம். அதில் ஒன்றில், அழகான கையெழுத்தில், ஒரு நடுகல்லின் வாசகம் ஆறு வரி முழுதாக இருக்கிறது. மேலே தலைப்பு: 'அதே ஏரி, மேற்குக் கரை'. அதற்கு முந்தைய நோட்டு கிடைக்கவில்லை. எந்த ஏரி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.