விபத்துக்குப் பிறகு மனம் தேற: உளவியல் ஆலோசனையைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை

சாலை விபத்தில் உயிர் பிழைத்து வீடு திரும்பியவருக்கு முதல் சில வாரங்களில் உறக்கம் கெடுவதும், தொலைவில் லாரியின் ஏர் ஹாரன் கேட்டாலே உடல் தூக்கிவாரிப் போடுவதும், கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்து நிற்பதும் இயல்பானவை. பலருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். இந்தக் காலத்தில் வேளைக்கு உணவும், இயன்ற அளவு உறக்கமும், நம்பிக்கையான ஒருவரின் துணையும் கிடைக்கச் செய்வதே முதல் வேலை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு முறை "எப்படி ஆச்சு?" என்று கேட்க, அடிபட்டவர் அத்தனை பேருக்கும் நடந்ததை ஒப்பித்துக்கொண்டிருப்பது ஆலோசனை ஆகாது. வீட்டார் ஒருவர் வாசலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறக்கத்துக்காகக் குடிப்பதையும், கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவதையும் அறவே தவிர்க்க வேண்டும். விபத்து போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பென்சோடையசிபைன் வகை மாத்திரைகளை (உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படுபவை) அந்த அதிர்ச்சிக்கான மருந்தாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013-இல் அறிவுறுத்தியது. மந்திரித்துக் கயிறு கட்டினால் ஆறுதல் கிடைக்குமென்றால் கட்டிக்கொள்ளட்டும், அதைச் சாக்காக வைத்து மருத்துவரைத் தள்ளிப்போடாதவரை.

ஒரு மாதம் கடந்தும் இந்த உறக்கக் கேடும் திடுக்கிடலும் குறையவில்லை என்றால் ஆலோசனையைத் தொடங்கிவிட வேண்டும். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது விலகி ஓடும் பழக்கம். விபத்து நடந்த பாலத்தைத் தவிர்க்க நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போவது, பைக் சாவியைத் தொடாமலிருப்பது, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவது ஆகியவற்றை வீட்டில் உள்ளவர்கள் ஜாக்கிரதை உணர்வு என்று நினைத்துப் பாராட்டக்கூடச் செய்வார்கள். ஆனால் பயத்துக்குத் தீனி போடுவது இதுதான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. நாடு முழுவதும் இயங்கும் டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

யாரிடம் செல்வது? செலவுக்கு அஞ்சுகிறவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். தனியாரிடம் செல்வதானால், ஆலோசகர் என்று எவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பதை நினைவில் வைத்து, அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, எந்த முறையைக் கையாள்கிறார் என்று தயங்காமல் கேட்க வேண்டும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது), இ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை ஆகிய இரண்டுக்கும் நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. "எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

முதல் அமர்வில் முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உறக்கம், கோபம், தவிர்க்கும் இடங்கள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும். துணைக்கு வரும் அம்மாவோ கணவரோ பக்கத்தில் அமர்ந்து எல்லாக் கேள்விக்கும் தாமே பதில் சொல்வது நம் வழக்கம். அவர்களைச் சற்று நேரம் வெளியே காத்திருக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே விதித்திருக்கிறது.

உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆலோசகர் விபத்தைத் தொடக்கத்திலிருந்து மெதுவாக, அது இப்போது நடப்பதுபோலவே சொல்லச் சொல்வார்: மழைத் தூறல், எதிர்வண்டியின் விளக்கு, தார்ச்சாலையில் ஹெல்மெட் உரசிய சத்தம். விருந்தாளியிடம் ஒப்பிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், வழக்கமாக நாம் தாண்டிவிடும் அந்தச் சில நொடிகளில் இங்கே நின்று, பதற்றம் தணியும்வரை துணையோடு இருக்கிறோம். பலமுறை சொல்லச் சொல்ல, சிதறிக் கிடந்த நினைவு முன்பின் உள்ள ஒரு சம்பவமாக, முடிந்துபோன சம்பவமாக அமைகிறது. பின்னால் அமர்ந்திருந்தவர் இறந்துபோயிருந்தால் "நான்தான் கொன்றுவிட்டேன்" என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வெளிவரும்; அந்த ஒரு நொடியில் உண்மையில் என்னென்ன செய்திருக்க முடியும் என்று ஆலோசகரோடு சேர்ந்து நிதானமாக எடைபோட வேண்டும்.

இதோடு படிப்படியான பயிற்சியும் நடக்கும். எலும்பு மருத்துவர் வண்டி ஓட்டலாம் என்று அனுமதித்த பிறகு, முதல் வாரம் நிறுத்திய பைக்கில் அமர்ந்திருப்பது, அடுத்து எஞ்சினை இயக்கிவிட்டு அமர்ந்திருப்பது, பிறகு தெருமுனைவரை ஓட்டுவது, கடைசியாகப் பகல் வெளிச்சத்தில் அந்தப் பாலத்தைக் கடப்பது என்று பயத்தின் அளவுக்கேற்பப் படிகளை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் நெஞ்சுப் படபடப்பு ஓரளவு இறங்கும்வரை அதைவிட்டு விலகக் கூடாது. பாதியில் ஓடிவந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

தொடக்க அமர்வுகளுக்குப் பிறகு கெட்ட கனவுகள் சிலருக்குக் கூடுவதுண்டு. "போனதிலிருந்து இன்னும் மோசமாகிவிட்டது" என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்துவதற்கு முன் அதை ஆலோசகரிடமே சொன்னால் அவர் வேகத்தைக் குறைப்பார். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் தேவைப்படும். மனநல மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இழப்பீட்டு வழக்கு நடந்தால் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லும் நாளில் அடங்கியிருந்த எல்லாம் மீண்டும் கிளறப்படும். விபத்து நடந்த தேதி ஆண்டுதோறும் வரும்போதும் அப்படியே. வாய்தா தேதி தெரிந்த உடனே, அதற்கு முந்தைய வாரத்தில் ஓர் அமர்வையும் பிந்தைய வாரத்தில் ஓர் அமர்வையும் குறித்துவைப்பது நல்லது.