சாப்ட்வேர் மாறினாலும் கை தடுமாறாம இருக்கணும்னா

திருநெல்வேலி டவுண்ல ஒரு வத்தல் மொத்தக்கடையில கணக்கு பாக்கேன். டாலி ஈஆர்பி 9ங்கற கணக்கு சாப்ட்வேர்ல கண்ண மூடிக்கிட்டு பில் போட்ட கை, 2020 கடைசில அதோட புது வெர்ஷன் டாலி பிரைம் வந்து மெனு எல்லாம் இடம் மாறினதும் அப்படியே நின்னுட்டு. ஆனா எஃப்8 அமுக்குனா சேல்ஸ், எஃப்9 பர்சேஸ், அது மாறல, பற்று வரவும் மாறல. புதுசா வேலைக்கு வார தம்பி தங்கச்சிங்களுக்கு அதத்தான் சொல்லுதேன், மாறாதத மொதல்ல பிடிங்க.

எப்படின்னா, தென்காசி ஏவாரிக்கு வத்தல் போனா சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு) 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில பங்கு) 2.5 சதவீதம், அதே மூட்ட கேரளா எல்லையில இருக்க புளியரை தாண்டி கொல்லம் போனா ஐஜிஎஸ்டி (வெளி மாநிலத்துக்கு போற சரக்குக்கு உள்ள வரி) 5 சதவீதம். ஜிஎஸ்டி நம்பர்ல மொத ரெண்டு எண்ணு 33னா தமிழ்நாடு, 32னா கேரளா. பார்ட்டி மாஸ்டர்ல, அதாவது ஏவாரியோட விவரம் பதிஞ்சு வைக்கிற எடத்துல, ஸ்டேட்ட தப்பா வச்சிருந்தா எந்த சாப்ட்வேரும் வரிய தப்பாத்தான் போடும். இது தெரிஞ்ச பிள்ள நாளைக்கு எந்த ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தாலும் 'பார்ட்டி ஸ்டேட் எங்க கெடக்கு'ன்னு தேடிப் பிடிச்சிரும்.

அடுத்து எக்செல், இதுல மட்டும் சோம்பல் படாதீங்க. மாசாமாசம் 14ந்தேதி ஜிஎஸ்டிஆர் 2பி, அதாவது சப்ளையருங்க நம்ம பேருக்கு ஏத்துன பில்லுங்களோட லிஸ்ட், வந்துரும், அத நம்ம பர்சேஸோட ஒப்பிட்டுப் பாக்கணும். ஒரு தடவ விலுக்கப் (ஒரு லிஸ்ட்ல உள்ளத இன்னொண்ணுல தேடிப் பிடிக்கிற எக்செல் ஃபார்முலா) போட்டா ஏகப்பட்ட பில்லு சேரல, கடை அண்ணாச்சி சப்ளையருக்கெல்லாம் போன் போட்டு சத்தம் போட்டுட்டாங்க, கடைசில பாத்தா பில் நம்பருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கு, இன்னும் சிலதுல 045ங்கறது 45 ஆயிருக்கு. ஸ்பேஸ எடுக்குற டிரிம் ஃபார்முலா போட்டு, விட்டுப்போன சைபரையும் திருப்பிச் சேத்து, ரெண்டு பக்கமும் டெக்ஸ்டா மாத்தினதும் எல்லாம் சேந்துட்டு. நாளைக்கு விலுக்கப்புக்கு பதிலா வேற எது வந்தாலும் இந்த ஸ்பேஸ் தொல்ல இருக்கத்தான் செய்யும் பாத்துக்கிடுங்க.

பழகுறதுக்கு கடை டேட்டாவ தொடாதீங்க, டாலியில எஜுகேஷன் மோடு இருக்கு, காசு கிடையாது. மாசத்துல சில தேதிக்கு மட்டுந்தான் என்ட்ரி போட விடும், பழக அது போதும். ஒரு டம்மி கம்பெனி ஆரம்பிச்சு வேணும்னே தப்பு போட்டுப் பாருங்க, பேலன்ஸ் ஷீட்ல எங்க போயி இடிக்குன்னு தெரியும்.

இப்ப ஃபார்முலாவ ஏஐட்ட கேட்டா உடனே தருது, நானும் கேக்கேன், ஆனா பத்து வரிய கையால கூட்டிப் பாத்த பெறகுதான் ஷீட் முழுக்க இழுப்பேன்.

அப்புறம் ஒரு நோட்டு. என்ன தப்பு வந்துது, ஏன் வந்துது, எப்படி சரி பண்ணேன்னு அன்னன்னைக்கு மூணு வரி. என் நோட்டுல மொதப் பக்கத்துலயே அந்த ஸ்பேஸ் கததான் இருக்கு, கடைக்கு யாரு புதுசா வந்தாலும் மொதல்ல அதத்தான் படிக்கக் குடுப்பேன்.