எடைக் குறைப்பு: முதல் வார எண்ணை நம்பிவிடாதீர்கள்
80 கிலோ எடை உள்ளவர் "மூன்றே மாதத்தில் 60" என்று இலக்கு வைத்தால் பாதியிலேயே சலித்துவிடும். ஆறு மாதத்தில் 4 முதல் 8 கிலோ, அதாவது இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் போதும். ஆரம்பத்தில் வாரம் அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். போகப்போக அது மந்தமாகும்.

முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கிவிட்டதா? பெரும்பகுதி தண்ணீர்தான். கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைத்திருந்த சர்க்கரைச்சத்து, கரையும்போது அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது.

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். உப்பு கூடினாலோ மாதவிடாய் நெருங்கினாலோ ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது கொழுப்பல்ல. நான்கு வாரம் சராசரி அசையாவிட்டால் மட்டும் சாப்பாட்டு அளவை மறுபடி கணக்கிடுங்கள். இளைத்த உடலுக்குத் தேவைப்படும் கலோரியும் குறைவு.